உப்புக் கரைசல்

வெளியே உலான்பத்தரில் மைனஸ் முப்பத்தெட்டு.
உறைபெட்டிக்குள் மைனஸ் எண்பது.
இந்த ஊரில் குளிரைக் காசு கொடுத்து வாங்கும்
ஒரே கட்டடம் நம்முடையது என்பாள் நோர்ஜ்மா.
தினமும் சொல்வாள்.
நானும் சிரித்து வைப்பேன்.

இன்று எடுக்க வேண்டியவை பதினான்கு.
ஏழு இரைப்பைத் துணுக்கு, ஏழு இதயத் துணுக்கு.
வயிற்றுக் கட்டியைக் கரைக்கும் மருந்து
இதயத்தசையையும் சேர்த்துக் கரைக்கிறதா?
கேள்வி டாக்டர் லுவ்சானுடையது.
இடிக்கும் கை என்னுடையது.

கல்நெஞ்சு என்கிறோமே, நான் பார்த்திருக்கிறேன்.
திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்தால்
கல்லேதான்.
சிற்றுரலில் போட்டு ஒரு தட்டு,
செங்கல் பொடி.
இரைப்பை அப்படியல்ல, வெளிறிய மாவு.
இடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்;
ஒரு பெருமூச்சில்
பாதி ஆள் மேசையெங்கும் பறந்துவிடுவார்.

ஐந்தாவது இதயக் குழாயில் இருந்த எண்ணை
காலையிலேயே ஒருமுறை எழுதியிருந்தேன்.
நானூற்றுப் பதினேழு.
இரைப்பை அடுக்கிலும் நானூற்றுப் பதினேழு.
யாரோ மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று
எரிச்சலோடு பதிவேட்டைப் புரட்டினேன்.

2015 நவம்பர். இரைப்பை, மூன்றில் இரண்டு பங்கு.
2023 மார்ச். இதயம், இடது கீழறை, இறப்புக்குப் பின்.

ஒரே ஆள்தான்.
முதல் தடவை மிச்சத்தை எடுத்துக்கொண்டு
வீட்டுக்குப் போயிருக்கிறார்.

கேள்வித்தாளில் பெயர் மறைத்திருந்தது.
தொழில்: நிலக்கரி லாரி ஓட்டுநர், நலைக்.
உப்புத் தேநீர், நாளொன்றுக்கு: ஒன்பது கிண்ணம்.
அவரே எழுதியது. ஒன்பதைச்
சுழித்துப் பெருமையாகப் போட்டிருக்கிறார்.
இரண்டாவது தாளை நிரப்பியது மகள்.
உப்புத் தேநீர், நாளொன்றுக்கு:
இரண்டு, உப்பில்லாமல்.
பிறகு 'உப்பில்லாமல்' அடிக்கப்பட்டு
ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி:
நாங்கள் பார்க்காதபோது போட்டுக்கொள்வார்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான். சரி.
மூன்றில் ஒரு பங்கு வயிற்றில்
எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

ஏழு ஆண்டு, நான்கு மாதம்.
அது எந்த அடுக்கிலும் இல்லை.
எடைமேடையில் வரிசை நகரக் காத்திருந்த காலைகள்,
நாளுக்கு ஆறு தடவை
குழந்தைக்குப் போல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு,
உப்பு ஜாடியை மகள் ஒளித்த இடம்,
அவர் அதைக் கண்டுபிடித்த இடம்.
நானாக ஊகிப்பதுதான்.
ஊகத்துக்குப் பதிவேட்டில் கட்டமில்லை.

இதுமட்டும் நிச்சயமாகத் தெரியும்:
உறைய வைக்குமுன் இரண்டு முறையும்
அவரைக் கழுவியது உப்புக் கரைசலில்.
லிட்டருக்கு எட்டு கிராம்.
நல்ல தண்ணீரில் போட்டால்
செல்கள் ஊதி வெடித்துவிடும்.

மாலையில் ஜெல்லில் மின்சாரம் விட்டேன்.
கனத்த புரதங்கள் மேலேயே தயங்க
மெலிந்தவை முந்திக்கொண்டு இறங்கின.
ஒன்பதாம் தடம் அவர் வயிறு.
பத்தாம் தடம் அவர் இதயம்.
அடுத்தடுத்து வைத்தது நான்தான்,
வரிசைப்படி அப்படி வைக்க வேண்டியதில்லை.

மறுநாள் படலத்தைப் பார்த்து டாக்டர் சொன்னார்:
"ட்ரோபோனின் மங்கல்தான்.
ஆனால் ஒருவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது."
முடியாதுதான்.
அவர் போன பின்பு கீழ்ப் பட்டையைப் பார்த்தேன்.
ஆக்டின்.
எல்லாத் தடத்திலும் சமமாக ஏற்றினோமா என்று
சரிபார்க்க மட்டும் வைப்பது.
கட்டுரையில் அதைப் பற்றி யாரும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை.
ஒன்பதிலும் பத்திலும்
ஒரே உயரம், ஒரே கறுப்பு.
நடுவில் மயிரிழை இடைவெளி.

நோர்ஜ்மா தேநீரோடு வாசலில் நின்றாள்.
கூடத்துக்குள் குடிக்கக்கூடாது;
கையுறையைக் கழற்றிவிட்டு
தாழ்வாரத்தில் நின்று குடித்தேன், முழுக் கிண்ணமும்.
உப்பு எவ்வளவு என்று கேட்கவில்லை.